எந்தப் படம் சரியான படம்?



கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்று அழைப்பார்கள். அவற்றில் ஒன்று பைல் நாடு. அந்த நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றக் கூட்டத்தில் பேச, சென்ற ஆண்டு என்னை அழைத்திருந்தார்கள். வகுப்பறைச் சுவரில் மாணவர்களே வரைந்த ஒரு பெரிய அட்டை தொங்கியது. தலைப்பு: 'அணு மாதிரிகளின் வளர்ச்சி'. அதில் ஐந்து படங்கள் இருந்தன. முதலாவது டால்டனின் கெட்டி உருண்டை. இரண்டாவது தாம்சனின் மாதிரி. பழத்தில் விதைகள் போல எலக்ட்ரான்கள் பதிந்திருந்தன. மூன்றாவது ரூதர்ஃபோர்டின் அணுக்கரு. நான்காவது வட்டப் பாதைகளுடன் போரின் அணு. ஐந்தாவது புள்ளி புள்ளியாக வரைந்த எலக்ட்ரான் மேகம். முதல் நான்கு படங்களின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். ஐந்தாவதன் அருகில் பச்சை மையில் 'சரி' குறி.

என் பேச்சு முடிந்ததும், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சார், இந்த அஞ்சு படத்துல எது சார் நெசம்?"

கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் எனக்கு. "கடைசிப் படம்தாம்மா" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "அப்ப நாளைக்கு இதுக்கும் செவப்புக் குறி போட்டுருவாங்களா சார்? போடுவாங்கன்னா இதை ஏன் சார் படிக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டுப் புறப்பட்டேன். காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதி வளைவு இறங்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது: அந்தப் பெண் கேட்டது அணுவைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, விஞ்ஞானத்தை நம்பலாமா என்ற கேள்வி. நான் சொன்ன பதிலோ தவறானது. அந்த அட்டையில் இருந்த சிவப்புக் குறிகளை, ஆண்டுதோறும் என் வகுப்பில் நானே வாயால் போட்டு வருகிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அன்று சொல்லாமல் வந்த பதிலை இங்கே சொல்கிறேன். என் கருத்து இதுதான்: அந்த அட்டையிலுள்ள சிவப்புக் குறிகளையும் பச்சைக் குறியையும் அழித்துவிட வேண்டும். அந்த இடத்தில் வேறொன்றை எழுத வேண்டும்.

மலையும் வரைபடமும்

முதலில் 'மாதிரி' என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கொல்லிமலைக்கு வருகிற சுற்றுலாப் பயணியின் கையில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் சாலையும் வளைவுகளும் அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கும். வழி தவறாமல் போய்வர அது போதும். ஆனால் மலையின் உயரம் அதில் தெரியாது. நில அளவையாளரின் வரைபடத்தில் சம உயரக் கோடுகள் இருக்கும். சாமை விளைகிற காடு எது, மிளகுக் கொடி ஏறுகிற மரம் எது என்பது இராது. அது அந்த நிலத்துக்காரரின் மனத்தில் உள்ள படத்தில் மட்டும் இருக்கிறது.

இவற்றில் எது மலை? எதுவுமே மலை அன்று. எது பொய்? எதுவும் பொய் அன்று. ஒவ்வொன்றும் தனக்கு இட்ட வேலையைச் செய்கிறது. அந்த வேலைக்கு அப்பால் கேட்டால் மௌனமாகிவிடுகிறது, அல்லது தவறாக வழிகாட்டுகிறது. அணு மாதிரிகளும் இப்படித்தான். ஆனால் மலையை நாம் கண்ணால் பார்த்து வரைபடத்தோடு ஒப்பிடலாம். அணுவை அப்படிப் பார்க்க முடியாது. அது அனுப்பும் சேதிகளை வைத்துத்தான் படம் வரைய வேண்டும். அடுத்து வரும் சேதியைக் கொண்டு அந்தப் படத்தைச் சோதிக்க வேண்டும்.

அந்தச் சேதிகளில் ஒன்று உங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கே வருகிறது. கேஸ் அடுப்பில் குழம்பு பொங்கி வழியும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பிலுள்ள சோடியம் அணுக்கள் அனுப்பும் ஒளி அது. அதை ஒரு முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தால் மிக நெருக்கமான இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும்: 589.0 நானோமீட்டரில் ஒன்று, 589.6-இல் மற்றொன்று. வேறு எந்தத் தனிமமும் இதே இரட்டைக் கோட்டைத் தராது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு, கைரேகை போல.

இந்த மஞ்சள் கோட்டுக்கு மிக அருகில் இருந்த இன்னொரு கோட்டிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது. அது ஹீலியத்தின் கதை. அணு மாதிரிகள் அனைத்தையும் சோதித்துப் பார்த்த தனிமம் என்று ஹீலியத்தைச் சொல்லலாம். அது முதலில் தலைகாட்டியதும் நம் பக்கத்தில்தான்.

சூரியனில் கண்ட தனிமம்

1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவின் குறுக்கே ஒரு முழுச் சூரிய கிரகணம் கடந்து சென்றது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் தம் நிறமாலைக் கருவியுடன் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் இருந்தார். அதே வானாய்வகத்தில் பணிபுரிந்த ரகுநாதாச்சாரி என்ற நம்மவர் வனபர்த்தியிலிருந்து கிரகணத்தை நோக்கினார். (அந்த வானாய்வகம் இருந்த நுங்கம்பாக்கத்தில், வானிலை அலுவலக வளாகத்துக்குள், 1792-ஆம் ஆண்டின் கருங்கல் தூண் ஒன்று இன்னும் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு.)

சந்திரன் சூரியனை மறைத்ததும் விளிம்பில் தீச்சுடர்கள் போன்ற பிழம்புகள் தெரிந்தன. அவற்றின் ஒளியில் பளிச்சென்ற கோடுகள் இருந்தன. சோடியக் கோட்டின் இடத்திலோ அதற்கு அருகிலோ ஒரு மஞ்சள் கோடு இருப்பதாகப் போக்சன் குறித்தார். அதே இடமா, அருகிலா? அந்தச் சிறு ஐயத்தில்தான் விஷயம் இருந்தது. அந்தப் பிழம்புகளின் கோடுகளைக் கிரகணம் இல்லாமலேயே பார்க்கலாம் என்று ஜான்சென் மறுநாளே செய்து காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யரும் தனித்து அதே முறையைக் கண்டார். கோட்டின் இடத்தைக் கவனமாக அளந்தபோது அது 587.6 நானோமீட்டர் என்று தெரிந்தது. சோடியக் கோட்டிலிருந்து ஒன்றரை நானோமீட்டர்கூட விலகல் இல்லை. ஆனாலும் அது சோடியம் அன்று! பூமியில் அறியப்படாத ஒரு தனிமம் சூரியனில் இருக்கிறது என்று லாக்யர் கருதினார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது.

அப்போது விஞ்ஞானிகள் கையில் இருந்த அணுப் படம், 1808-இல் ஜான் டால்டன் நூலாக வெளியிட்ட படம்தான். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி எடையுள்ள, பிளக்க முடியாத அணுக்கள். அது எளிய படமே. ஆனால் 1 கிராம் ஹைட்ரஜனோடு 8 கிராம் ஆக்சிஜன் சேர்ந்துதான் நீராகும், எட்டரை கிராம் கொடுத்தால் அரை கிராம் மிஞ்சிவிடும் என்பதற்கு அது தெளிவான விளக்கம் தந்தது. இன்றும் வேதியியல் சமன்பாட்டைச் சமப்படுத்தும்போது நீங்கள் டால்டனின் அணுவைத்தான் எண்ணுகிறீர்கள். அப்படியிருக்க அதன் மேல் சிவப்புக் குறி போடுவது நியாயமா?

அதனால் பதில் சொல்ல முடியாத கேள்வியும் இருந்தது. உள்ளே எந்த அமைப்பும் இல்லாத கெட்டி உருண்டை, தனக்கென்று கோடுகள் கொண்ட ஒளியை எப்படி அனுப்பும்? சோடியத்துக்கு ஒரு கோடு, ஹீலியத்துக்கு வேறு கோடு ஏன்? டால்டனின் படம் இங்கே நின்றுவிட்டது.

ஹீலியமே தூதுவன்

சூரியனில் மட்டும் கண்ட அந்தத் தனிமம் 27 ஆண்டுகள் பூமியில் அகப்படவில்லை. 1895-இல் வில்லியம் ராம்சே யுரேனியம் கலந்த ஒரு கனிமத்தை அமிலத்தில் இட்டு, வெளிவந்த வாயுவின் நிறமாலையைப் பார்த்தார். அதே மஞ்சள் கோடு! எல்லாக் கனிமங்களையும் விட்டு யுரேனியக் கனிமத்துக்குள் ஹீலியம் ஏன் ஒளிந்திருக்க வேண்டும் என்பது யாருக்கும் விளங்கவில்லை.

இதற்குள் இன்னொரு திருப்பம். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். ஹைட்ரஜன் அணுவைவிட ஏறத்தாழ 1,800 மடங்கு இலேசான துகள் அது. எந்தப் பொருளிலிருந்தும் வெளிவருகிறது. ஆக, அணுவுக்குள் அமைப்பு உண்டு. நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருக்க, அதனுள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்ற படத்தை 1904-இல் அவர் விரிவாகத் தந்தார். அதே ஆண்டில் ஜப்பானின் நாகயோக்கா, சனிக் கோளின் வளையம்போல நடுவிலுள்ள நேர்மின்னூட்டத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கலாம் என்று வேறொரு படம் வரைந்தார். இரண்டில் எது என்று தீர்க்க அணுவுக்குள்ளேயே ஒரு தூதுவனை அனுப்ப வேண்டியிருந்தது.

தூதுவன் யார் தெரியுமா? ஹீலியம்தான். கதிரியக்கப் பொருள்களிலிருந்து வெளிவரும் ஆல்ஃபா துகள்களை, மிக மெல்லிய கண்ணாடிச் சுவரைக் கடக்கவிட்டு ஒரு குழாயில் சேர்த்தார்கள் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும். சில நாட்களில் அந்தக் குழாயில் ஹீலியத்தின் மஞ்சள் கோடு ஒளிர்ந்தது. 1909-இல் வெளியான இந்தச் சோதனையால், ஆல்ஃபா துகள் என்பது எலக்ட்ரான்களை இழந்த ஹீலியம் என்று உறுதியாயிற்று. ராம்சேயின் கனிமத்தில் ஹீலியம் வந்த வழியும் விளங்கிவிட்டது. யுரேனியம் வெளியிட்ட ஆல்ஃபா துகள்களே அங்கு வாயுவாகத் தங்கியிருந்தன.

அதே 1909-இல், அதே மான்செஸ்டர் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டெனும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகடுகள்மேல் செலுத்தினார்கள். மார்ஸ்டெனுக்கு அப்போது வயது 20, மாணவர். தாம்சனின் படம் சரியானால், துகள்கள் சற்றே விலகி நேராகப் போய்விட வேண்டும். பெரும்பாலானவை அப்படித்தான் போயின. ஆனால் ஏறத்தாழ 8,000-இல் ஒன்று பின்புறமாகத் திரும்பி வந்தது. பரவலான மின்னூட்டத்தால் அவ்வளவு பலமாகத் தள்ள முடியாது. அணுவின் நேர்மின்னூட்டமும் ஏறத்தாழ அதன் நிறை முழுவதும் மிகச் சிறிய ஒரு நடுப்பகுதியில் அடங்கியிருக்க வேண்டும் என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு கணக்கிட்டுக் காட்டினார். அதுவே அணுக்கரு.

இங்கே தாம்சனின் படத்துக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். 'துகள்கள் சற்றே விலக வேண்டும்' என்று அது திட்டமாகச் சொன்னதால்தான், திரும்பி வந்த துகள் ஒரு செய்தியாயிற்று. மழுப்பலாக எதையாவது சொல்லியிருந்தால் யாரும் எதையும் கற்றிருக்க முடியாது. தோற்றுப்போகக்கூடிய அளவுக்குத் தெளிவாகப் பேசியதுதான் அந்த மாதிரி செய்த தொண்டு.

ரூதர்ஃபோர்டின் படத்துக்கும் உடனே இடையூறு வந்தது. சுற்றிவரும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்க வேண்டும். மின்காந்தவியல் விதிப்படி, ஒரு வினாடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவு நேரத்திலேயே அது அணுக்கருவில் விழுந்துவிட வேண்டும். அப்படியானால் நீங்களும் நானும் இந்தப் பத்திரிகையும் இருக்கவே முடியாது. ஆனால் இருக்கிறோமே!

பள்ளி ஆசிரியரின் கணக்கு

இடையூறு தீர்ந்த வழியைக் காண, ஹைட்ரஜனின் கோடுகளைப் பார்க்க வேண்டும். 1885-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பால்மர் என்ற 60 வயதுப் பள்ளி ஆசிரியர் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். நீங்களும் செய்து பாருங்கள். 364.56 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 3-இன் வர்க்கம் 9. அதனால் பெருக்கி, 9-இலிருந்து 4-ஐக் கழித்து வரும் 5-ஆல் வகுங்கள்: 656.2. இனி 4-இன் வர்க்கமான 16-ஆல் பெருக்கி, 16-இலிருந்து 4-ஐக் கழித்த 12-ஆல் வகுங்கள்: 486.1. அடுத்து 25-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்தால் 434.0. இந்த எண்கள் நானோமீட்டரில் ஹைட்ரஜனின் சிவப்பு, நீலப்பச்சை, ஊதாக் கோடுகளின் அலைநீளங்கள்! கணக்கு ஏன் பொருந்துகிறது என்பது மட்டும் 28 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

1913-இல் டென்மார்க்கின் நீல்ஸ் போர் காரணம் கூறினார். எலக்ட்ரான் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்க முடியும். ஒரு நிலையிலிருந்து கீழ்நிலைக்கு வரும்போது அந்த ஆற்றல் வேறுபாட்டுக்குரிய ஒளியை வெளியிடும். கொல்லிமலைப் பஸ் 33-ஆம் வளைவுக்கும் 34-ஆம் வளைவுக்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். எலக்ட்ரானுக்கு அந்த வசதி இல்லை. வளைவுகளில் மட்டுமே நிற்கலாம், நடுவே நிற்க இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்து பால்மரின் கணக்கு தானாகவே வந்துவிட்டது.

அடுத்து மீண்டும் ஹீலியம் சோதிக்க வந்தது. 1896-இல் பிக்கரிங் ஒரு விண்மீனின் ஒளியில் சில புதுக் கோடுகளைக் கண்டு, அவை ஹைட்ரஜனுடையவை என்று கருதியிருந்தார். இல்லை, ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்துடையவை என்றார் போர். அந்த ஹீலியத்தில் எஞ்சியிருப்பது ஒரே எலக்ட்ரான். அணுக்கருவின் மின்னூட்டம் 2. எனவே ஆற்றல்கள் ஹைட்ரஜனைப்போல 2-இன் வர்க்கமான 4 மடங்கு இருக்க வேண்டும். ஃபௌலர் என்ற ஆங்கிலேய அறிஞர் உடனே மறுத்தார்: அளவீட்டில் வருவது 4 அன்று, 4.0016. போர் பின்வாங்கவில்லை. அணுக்கரு அசையாமல் நிற்பதாகக் கணக்கிட்டதே பிழை என்றார். குழந்தையின் கையைப் பிடித்துச் சுழற்றும் அப்பாவும் சற்று ஆடத்தான் செய்வார். அந்த ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார். வந்த விடை 4.00163. இப்படிப்பட்ட ஒரு விடையைக் கண்டால் எந்த மனிதருக்கும் உடல் சிலிர்க்கும்.

ஆனால் அதே ஹீலியம், தன் இரண்டு எலக்ட்ரான்களோடும் முழுமையாக நின்றபோது போரின் படம் தடுமாறிவிட்டது. இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே வட்டத்தில் எதிரெதிராகச் சுற்றுவதாகக் கொண்டால், ஒன்றை வெளியேற்ற 28.9 எலக்ட்ரான் வோல்ட் தேவை என்று கணக்கு வருகிறது. உண்மையில் 24.6 போதும். வட்டத்தை மாற்றிப் பார்த்தார்கள். பாதைகளைச் சாய்த்துப் பார்த்தார்கள். 1922 வரை பல வல்லுநர்கள் முயன்றும் பலிக்கவில்லை. 1868-இல் கண்ட அந்த மஞ்சள் கோட்டுக்கும் இதே கதிதான். அதுவும் இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்தின் கோடு. ஒரே எலக்ட்ரான் உள்ள அணுவுக்கு வியக்கத்தக்க துல்லியம். இரண்டு வந்தால் தோல்வி. குறை கணக்கில் அன்று, 'பாதை' என்ற கருத்திலேயே இருக்கிறது என்பதைக் காட்டிய தோல்வி அது.

1926-இல் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு வந்தது. அதே ஆண்டில் ஹைசன்பர்க் ஹீலியத்தின் நிறமாலை அமைப்பை விளக்கினார். 1929-இல் நார்வே நாட்டு ஹில்லராஸ், ஹீலியத்தின் ஓர் எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டு அளவீட்டோடு நெருக்கமாகப் பொருத்திக் காட்டினார். எலக்ட்ரானுக்கு வரையறுத்த பாதை கிடையாது; எந்த இடத்தில் அதைக் காண எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் சொல்ல முடியும். அட்டையின் ஐந்தாவது படத்திலுள்ள புள்ளிகள் அந்த வாய்ப்பைக் காட்டுபவை. ஒரு புள்ளி ஓர் எலக்ட்ரான் என்று எண்ணிவிட்டால் அந்தப் படமும் உங்களை ஏமாற்றிவிடும்! எனவே பச்சைக் குறியையும் அழிக்கச் சொல்கிறேன். இன்றும் விஞ்ஞானிகள் ஹீலியத்தின் கோடுகளை மேன்மேலும் நுட்பமாக அளந்து, கணக்கு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

குறையுள்ள கருவியும் கருவியே

'தோற்ற மாதிரியால் என்ன பயன்?' என்று சிலர் கேட்கலாம். போரின் படம் ஹீலியத்தோடு மல்லாடிக்கொண்டிருந்த அதே நாட்களில், 1920-இல், கல்கத்தாவில் மேகநாத சாகா விண்மீன்களின் புதிர் ஒன்றை அவிழ்த்தார். எலக்ட்ரானை வெளியேற்றக் குறிப்பிட்ட ஆற்றல் தேவை என்ற கருத்தை வெப்பவியலோடு இணைத்தார். ஒரு விண்மீனில் இன்ன கோடு பலமாகவும் இன்ன கோடு மங்கலாகவும் தெரிவதற்கு, அங்கு என்ன தனிமம் இருக்கிறது என்பது மட்டும் காரணமன்று. அங்குள்ள வெப்பமும் அழுத்தமும் காரணம் என்று காட்டினார். அந்த ஆற்றல்களை அவர் சோதனை அளவீடுகளிலிருந்து எடுத்துக்கொண்டார். முழுமையான அணு மாதிரி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கையிலிருந்த வரைபடம் எதுவரை செல்லும் என்று அறிந்து அதுவரை நடந்தார். சாகாவின் சமன்பாடு இன்றும் பயன்படுகிறது.

இதைச் சொல்லும்போது சக ஆசிரியர்கள் இரண்டு ஆட்சேபங்களை எழுப்புகிறார்கள். ஒன்று: "மாணவர்களுக்கு நேரமில்லை. பழைய மாதிரிகளை விட்டுவிட்டு இன்றைய மாதிரியை நேராகச் சொல்லிவிடலாமே?" இதில் ஓரளவு நியாயம் உண்டு. போரின் வட்டங்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு போகவே மறுக்கின்றன என்பதை என் இளங்கலை மாணவர்களிடமே பார்க்கிறேன். ஆனால் காரணமில்லாமல் வந்த எலக்ட்ரான் மேகம், மாணவருக்குப் புராணக் காட்சியைப் போலத்தான் இருக்கும். நம்பச் சொன்னால் நம்புவார். வேறு யாராவது வேறு ஒன்றை நம்பச் சொன்னால் அதையும் நம்புவார்.

இன்னொரு ஆட்சேபம்: "தோல்விகளைச் சொன்னால் விஞ்ஞானத்தின் மேலுள்ள மதிப்பு குறையாதா?" பைல் நாட்டு மாணவியின் கேள்வியே இதற்குப் பதில். தோல்வியைச் சொல்லாததால் அவளுடைய மதிப்பு குறையாமலா இருந்தது? நான்கு சிவப்புக் குறிகளையும் ஒரு பச்சைக் குறியையும் பார்த்தவள், அடுத்த சிவப்புக் குறி எப்போது என்று கேட்டாள். அறிவுள்ள பிள்ளை அப்படித்தான் கேட்கும்.

ஆகவே என் யோசனை எளியது. ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று வரிகள் எழுதுவோம். எந்த அளவீடு இந்தப் படத்தை வரைய வைத்தது? இது எதைச் சரியாகச் சொன்னது? எந்த அளவீட்டில் நின்றுபோனது? தேர்வில் 'போர் மாதிரியின் கொள்கைகளைக் கூறுக' என்று மட்டும் கேட்காமல், 'போர் மாதிரி ஹைட்ரஜனுக்குப் பொருந்தி ஹீலியத்துக்குப் பொருந்தாமல் போனது எதைக் காட்டுகிறது?' என்றும் கேட்க வேண்டும். வினாத்தாள் தயாரிக்கும் எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஆனால் நீங்கள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை 'மாதிரி' என்ற சொல் பாடத்தில் வரும்போது, அந்த மூன்று கேள்விகளையும் வகுப்பில் எழுந்து கேளுங்கள்.

இனி அந்த மாணவிக்கு.

அம்மா, இன்றைய படமும் ஒருநாள் ஓர் எல்லையில் நிற்கலாம். ஆனால் ஒன்றைக் கவனி. டால்டனுக்குப் பின் எத்தனை படங்கள் மாறினாலும் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் என்பது மாறவில்லை. அணுக்கரு மறைந்துவிடவில்லை. பால்மரின் 656.2, போரின் கையிலும் வந்தது, ஷ்ரோடிங்கரின் கையிலும் வந்தது. குண்டூர் வானில் தெரிந்த மஞ்சள் கோடு இன்றும் 587.6-இல்தான் இருக்கிறது. புதிதாக வருகிற எந்தப் படமும் இவை அத்தனையையும் தானும் சரியாகச் சொன்ன பிறகே, கூடுதலாக ஒன்றைச் சொல்ல உரிமை பெறுகிறது. முந்திய படம் அழிவதில்லை. அதன் எல்லை எது என்பது தெரிந்துவிடுகிறது. 'எந்த இடத்தில் நான் தவறாவேன்' என்று முன்கூட்டியே சொல்லத் துணிகிற அறிவுதான் நம்பத் தகுந்த அறிவு. வதந்திக்கும் மூடநம்பிக்கைக்கும் அந்தத் துணிவு கிடையாது.

எது நெசம் என்று கேட்டாய். சேதி நெசம், அளவு நெசம். படம், அவற்றைக் கொண்டு நாம் வரைந்தது. நன்றாக வரைந்தது; இன்னும் நன்றாக வரையலாம். அதனால்தான் படிக்க வேண்டும். அடுத்த முறை மலையேறி வரும்போது, சிவப்பு மையும் பச்சை மையும் இல்லாத புதிய அட்டை ஒன்றை உங்கள் வகுப்பறைச் சுவரில் பார்க்க ஆசைப்படுகிறேன். இந்தத் தடவை கடைசிப் பஸ்ஸை நம்பி வரமாட்டேன்.